அடர்லியில் வண்டி நிற்கும்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலைரயிலுக்கு வாங்கும் டிக்கெட்டில் அடர்லி என்ற பெயர் இருக்காது. அங்கே யாரும் ஏற முடியாது, இறங்கவும் முடியாது. டிக்கெட் கொடுத்த ஜன்னல் மூடிப் பல காலம் ஆயிற்று. ஆனால் வண்டி நிற்கும். நின்றதும் பெட்டியிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். "என்னங்க இது, ஆளே இல்லாத ஸ்டேஷன்ல நிறுத்திட்டாங்க?" என்று யாராவது கேட்பார்கள். பாதை ஓரமாக ஒதுங்கி நிற்கும் என்னைப் பார்த்தும் கேட்டிருக்கிறார்கள். கல்லாருக்கு மேலே கீமேனாக வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன் நான். அப்போதெல்லாம் சிரித்துவிட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் வண்டி கிளம்பிவிடும். இப்போது நேரம் இருக்கிறது.

அந்த ஸ்டேஷன் ஆட்களுக்காகக் கட்டியது கிடையாது. என்ஜினுக்காகக் கட்டியது.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். அங்கிருந்து பவானியைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லார் வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர், ஏறக்குறைய சமவெளி. கல்லாரைத் தாண்டினால் மலை. அங்கிருந்து குன்னூர் போய்ச் சேர்வதற்குள், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள், வண்டி 1,300 மீட்டர் ஏறியாக வேண்டும். கடினமான இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரம். மாட்டுவண்டியே மூச்சு வாங்கும் ஏற்றம் இது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு இதில் ஏற முடியாது. நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதனால் கல்லாரிலிருந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. ஒன்று இல்லை, இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டுக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர், தண்டவாளத்தைவிட 65 மில்லிமீட்டர் உயரத்தில். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும். என்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரத்தில் ஏதாவது ஒரு பல் எப்போதும் பட்டையைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ரோமன் ஆப்ட் என்கிற சுவிஸ் என்ஜினியரின் முறை. என்ஜின்களும் அந்த நாட்டு விண்டர்தூர் நகரத்தில் செய்தவைதான். எக்ஸ் கிளாஸ் என்போம். நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் ஓடும் சக்கரத்துக்கு, மற்ற இரண்டும் பல்சக்கரத்துக்கு. சமவெளியில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல் பாதையில் ஏறியதும், முதல் ஜோடியில் வேலை பார்த்து முடித்த நீராவியை வீணாக வெளியே விடாமல் அடுத்த ஜோடிக்கு அனுப்புவார்கள். ஒரே நீராவிக்கு இரண்டு கூலி. இவ்வளவு சிக்கனமாகச் செய்தும் ஏற்றத்தில் அது குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை.

நிறையத் தண்ணீரை ஒரேயடியாக நிரப்பிக்கொண்டு ஏறினால் என்ன என்று கேட்கலாம். தண்ணீருக்கும் கனம் உண்டு. அதையும் சேர்த்துத்தானே மேலே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு இன்னும் நீராவி, அதற்கு இன்னும் தண்ணீர். அதனால் கொஞ்சமாக எடுத்துக்கொள், வழியில் நிரப்பிக்கொள் என்று முடிவு செய்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 13 கிலோமீட்டரில் அடர்லி, 18-இல் ஹில்குரோ, 21-இல் ரன்னிமேடு. இந்தக் கணக்கைப் பாருங்கள். ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் போட்ட கணக்கா இது? பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத வண்டி, எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேட்கும் என்று பார்த்துப் போட்ட கணக்கு. ஓடை இருந்து, கொஞ்சம் சாய்வு தணிந்த இடமும் கிடைத்தால் அங்கே ஒரு ஸ்டேஷன். பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர், மணி, டிக்கெட் எல்லாம். 1891-இல் ஆரம்பித்த வேலை, எடுத்த கம்பெனி நொடித்துப்போய், வேறு கம்பெனி கைக்கு மாறி, 1899 ஜூன் 15-ஆம் தேதிதான் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது. மலையில் பாதை போட்டவர்களுக்குக் காசின் அருமை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆள் ஏறாத இடத்தில் ஆசைக்காக ஸ்டேஷன் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆள் ஏறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எஸ்டேட் ஜனங்கள், மலைச்சரிவில் குடியிருக்கும் இருளர்கள், பாதையைப் பராமரிக்கும் எங்கள் கேங் குடும்பங்கள். அரிசி, மண்ணெண்ணெய், கோழி, காய்ச்சல்காரன் எல்லாம் அந்த வண்டியில்தான் ஏறி இறங்கின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மேட்டாக, அதாவது கேங்குக்குத் தலைவராக இருந்த அண்ணன் ரயில்வே குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொல்லித்தான் இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். எதிர்ச்சரிவில் பர்லியார் வழியாகக் குன்னூர் போகிற ரோட்டில் பஸ் அடிக்கடி வர ஆரம்பித்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் நடந்துபோய்விட்டார்கள். நாளைக்கு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று போகிற வண்டிக்கு யார் காத்திருப்பார்கள்? டிக்கெட் விற்பது நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் போனார். ஆள் போனால் காட்டில் கட்டடம் நிற்காது. முதலில் கதவு, அப்புறம் ஜன்னல் சட்டம், அப்புறம் கூரை. சுவர் மட்டும் மிச்சம். ஆலஞ்செடி எங்கிருந்து வரும் என்றே தெரியாது. மூன்றாவது மழைக்குச் சுவரைப் பிளந்துகொண்டு நிற்கும்.

தண்ணீர் விடும் தூண் மட்டும் அப்படியே வேலை செய்தது. அதை விட்டுவிட்டால் வண்டி ஹில்குரோ போய்ச் சேராதே.

கீமேன் வேலை வெளியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதன் பாதையில் சும்மா நடந்து போகிற மாதிரிதான் இருக்கும். தோளில் நீளப் பிடி போட்ட சுத்தியல், ஸ்பேனர், பையில் மாற்றுப் போல்ட், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்தென்றால் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் கட்டிவிடும் பட்டாசு. தனக்கு ஒதுக்கிய பீட்டைக் காலையில் நடந்து முடிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும். அதற்கு முன்னால் பாதை சரியாக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கீழ்நாட்டுக் கீமேன் நட்சத்திரம் இருக்கும்போதே கிளம்பிவிடுவான். நாங்கள் அப்படிக் கிளம்ப முடியாது. வெளிச்சம் வராமல் காட்டுப் பாதையில் கால் வைப்பது யானைக்குப் போய் வணக்கம் வைப்பதற்குச் சமம். ஆகவே கொஞ்ச நேரத்துக்குள் நிறைய வேலை.

சமவெளியில் பார்க்கிறதைவிட எங்களுக்கு இரண்டு மடங்கு பார்க்க வேண்டியிருக்கும். தண்டவாளம் இரண்டு பக்கமும், நடுவில் பல் பட்டை. பட்டையைத் தாங்கும் இருக்கைகளின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். இறுகியிருந்தால் கணீரென்று சத்தம் வரும். தளர்ந்ததும் விரிசல் விட்டதும் செத்த சத்தம் கொடுக்கும். சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. மேட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுவார். "கண்ணு பாக்கறத நம்பாத சாமி, துரு எல்லாத்தையும் ஒண்ணாக் காட்டும். காத வெச்சுப் பாரு," என்பார். ஒரு பட்டை முடியும் இடமும் பக்கத்துப் பட்டை முடியும் இடமும் ஒரே நேரில் வராதபடி மாற்றி மாற்றித்தான் போட்டிருக்கும். பட்டைகள் சேரும் அந்த இடங்களில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம். பல்சக்கரம் தாண்டும்போது அங்கேதான் அடி விழும்.

அப்புறம் கல். இரண்டு பட்டைக்கும் நடுவில் உள்ள சந்தில் சரளைக்கல் போய்ச் செருகிக்கொள்ளும். தண்டவாளத்தின் மேல் கிடக்கிற சின்னக் கல்லைச் சக்கரம் நசுக்கிவிட்டுப் போகும். பல்லுக்கு நடுவில் மாட்டிய கல்லை அப்படி விட முடியாது. பல்சக்கரத்தைத் தூக்கிவிடும், அல்லது பல்லை உடைக்கும். கொக்கி போட்டு நோண்டி எடுக்க வேண்டும். குரங்குகளுக்கு இந்தச் சந்தில் கல் போடுவதில் ஒரு தனிச் சந்தோஷம் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் மேலே சரிவில் காட்டுமாடு நடந்தால் உதிர்கிற கற்கள்தான் அவை. ஆனாலும் ஹில்குரோ குரங்குகளைப் பார்த்தவர்கள் என் பழைய நம்பிக்கையைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

அடர்லியில் கீமேனுக்கு இன்னொரு வேலை உண்டு. எந்த ஆர்டரிலும் இதைத் தனியாக எழுதி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது.

மேலே சரிவில் ஓடையை மறித்துச் சின்னதாக ஒரு தொட்டி. அதிலிருந்து குழாய் காட்டுக்குள்ளேயே இறங்கி ஸ்டேஷன் தொட்டிக்கு வரும். மோட்டார், மின்சாரம் எதுவும் வேண்டாம். மேலிருந்து கீழே தண்ணீர் தானாக வரும். சொல்லும்போது சுலபம். ஓடைத் தொட்டியின் வாயில் ஒரு வலைக்கம்பி. இலை வந்து அடைக்கும். இலை போனால் மணல். மணல் போனால் தவளை. கோடையில் ஓடை நூலாக இளைத்துவிடும். அப்போது சொட்டு வீணாகாமல் குழாய் மூட்டுகளில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டுவோம். இந்த மலைத்தண்ணீரில் உப்பு குறைவு. பாறைமேல் ஓடிவருகிற மழைத்தண்ணீர்தானே. பாய்லர்க் குழாய்க்கு அது நல்லது. சமவெளிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை பிடித்துச் சூடு ஏறாமல் அழிச்சாட்டியம் செய்யும். டிரைவர்கள் இதைக் குடித்துப் பார்த்தே சொல்லுவார்கள்.

வண்டி வந்து நின்றால் அங்கே நடப்பது கொஞ்ச நேர வேலைதான். என்ஜின் கீழ்ப்பக்கம் இருக்கும். மலைப் பாதையில் என்ஜின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழேதான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் தனியாக உருண்டு ஓடாமல் என்ஜின்மேல் சாயும். ஃபயர்மேன் தொட்டிமேல் ஏறிக் குழாயின் வாயை இழுத்து விடுவார். டிரைவர் கீழே இறங்கி எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்ப்பார். சூடு அதிகமாக இருக்கும் இடத்தைக் கை சொல்லிவிடும். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் உட்கார்ந்திருக்கும் பிரேக்ஸ்மேன்கள் மட்டும் இறங்க மாட்டார்கள். சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல் பட்டைக்கு ஒரு பிரேக், இரண்டும் அவர்கள் கையில். இதில் முதல் பெட்டிக்காரர்தான் வண்டியின் கண். பின்னாலிருக்கும் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டி பிரேக்ஸ்மேன் காட்டுகிற கொடியைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும் அந்த அண்ணன் கேட்பது ஒரே கேள்வி: "மேல எப்படி?" நான் கையைக் காட்டுவேன். மேலே பீட்டில் எல்லாம் சரி என்றால் ஒரு மாதிரி, யானை நிற்கிறது என்றால் ஒரு மாதிரி. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் வேண்டியாவது வண்டி நிற்க ஓரிடம் வேண்டும். ஆள் ஏறாத ஸ்டேஷனில் நடந்த பெரிய வியாபாரம் அதுதான்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றி எழுத முடியாது. கல்லாரைச் சுற்றி அவை மலைக்கு ஏறி இறங்கும் பழைய வழி. செங்குத்தான மலையில் அவற்றுக்குச் சௌகரியமாகக் கிடைத்த ஒரே சாய்வான நடைபாதை எங்கள் ரயில் பாதை. குட்டியோடு வந்தால் பாதையை விட்டு இறங்க இடம் இருக்காது. ஒரு பக்கம் வெட்டிய பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். நாம்தான் பின்னால் போக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஹில்குரோ பக்கத்தில் புதிதாக எழுப்பிய தடுப்புச் சுவரால் யானைகள் மேலே ஏற வழியில்லாமல் தடுமாறிய காட்சி ஊரெல்லாம் பரவி, கடைசியில் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்தது சரி. பாதையில் வேலை பார்த்த யாரைக் கேட்டிருந்தாலும் கட்டுவதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார்கள், இது அவை ஏறுகிற இடம் என்று.

அடர்லியில் அவற்றுக்கு வேலை தண்ணீரோடு. ஓடை வற்றுகிற பங்குனி, சித்திரையில் தூணின் அடியில் சிந்திய தண்ணீர் குட்டையாக நிற்கும். ராத்திரி வந்து குடித்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை. ஆனால் குழாய்க்குள்ளே தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடும். காலால் ஒரு அழுத்து. காலையில் போனால் குழாய் வளைந்து கிடக்கும், தொட்டி காலியாக இருக்கும், வண்டி கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டேஷனுக்கு மேலே குழாய் போகிற வழியில் ஓரிடத்தில் மூட்டை அவரே லேசாகத் தளர்த்தி விடுவார். கீழே ஒரு பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் சேரும்படி. "அதுக்குப் பங்கு குடுத்துட்டா நம்ம பங்க விட்டுரும்." மேலதிகாரி ஒருவர் இந்தக் கசிவைப் பார்த்துவிட்டு உடனே அடைக்கச் சொன்னார். அடைத்தோம். அவர் டிராலி கல்லாரைத் தாண்டியதும் மறுபடி தளர்த்தினோம். குழாய் முழுக்கப் பாதுகாப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிதிபடுவது குறைந்தது.

மழைக்காலம் வேறு கதை. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றுதான் பேச்சு; எங்கள் சரிவு கிழக்கைப் பார்த்தது. எங்களுக்குப் பயம் ஐப்பசி, கார்த்திகைதான். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால் அன்றைக்கே செருப்பைக் கழற்றிப் பூட்ஸ் மாட்டுவோம். இந்த மலையின் உடம்பு கெட்டியான பாறைதான். ஆனால் மேல்தோல் அப்படியில்லை. பாறை காலகாலமாக மக்கிச் செம்மண்ணாகி, அந்தச் செம்மண்ணுக்குள் மக்காத உருண்டைப் பாறைகள் அங்கங்கே பொதிந்து கிடக்கும். மண் காய்ந்திருக்கும்வரை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து மழை பெய்து மண் குடித்து நிறைந்துவிட்டால் பிடி விடும். முதலில் சின்னக் கற்கள் உதிரும். ஓடைத் தண்ணீர் திடீரென்று சிவந்தால் மேலே எங்கோ மண் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓடைத் தண்ணீர் திடீரென்று நின்றால் இன்னும் மோசம். மேலே சரிந்த மண் ஓடையை மறித்து அணை கட்டியிருக்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் உடைந்து வரும். அடர்லித் தொட்டியில் குழாய் வாயைப் பார்த்தே மலை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கேங் ஆட்கள் எல்லோரும் மழை நாளில் அங்கே கூடியதற்கு இதுவும் காரணம்.

2009 நவம்பரில் நடந்தது இன்றைக்கும் நீலகிரியில் யாருக்கும் மறக்காது. சில நாட்களுக்குள் மாவட்டம் முழுக்கச் சரிவு. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. எங்கள் பாதையில் எத்தனை இடம் போனது என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். சில இடங்களில் பாதைக்கு அடியில் இருந்த மண் போய்த் தண்டவாளமும் பல் பட்டையும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. வண்டி ஓட மாதக்கணக்கில் ஆயிற்று. இங்கே பெரிய மெஷின்களைக் கொண்டுவர ரோடு கிடையாது. ஒரு ஜல்லிக் கூடை வேண்டுமானாலும் ரயில் பாதை வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பாதையே இல்லை. தலையிலும் தோளிலும்தான். அந்த நாட்களில் கூரையில்லாத அடர்லிச் சுவர்களுக்கு மேலே தார்ப்பாய் கட்டிச் சமைத்தோம், சாமான் போட்டோம், வேலைக்காரர்கள் படுத்தார்கள். அவ்வளவு ஜனம் அந்த ஸ்டேஷனில் நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதையும் சொல்ல வேண்டும். கரி என்ஜின் ஏறும்போது புகைபோக்கியிலிருந்து நெருப்புப் பொறி பறக்கும். கோடையில் காய்ந்த புல்லில் விழுந்தால் தீ. வண்டிக்குப் பின்னாலேயே தழைக்கொத்தோடு ஓடி அணைத்த நாட்கள் உண்டு. மூக்கு முழுக்கக் கரி, கண்ணில் சாம்பல். 2000-க்குப் பிறகு ஒவ்வொன்றாக எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் கிளாஸ் என்ஜின்களையே செய்து அனுப்பினார்கள். சுவிஸ்காரன் செய்ததை நம் ஊர்க்காரன் பொன்மலையில் செய்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. குன்னூர் ஷெட்டில் கரி அள்ளும் வேலையெல்லாம் மாறிப்போனது. அடர்லியில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. கரியில் கொதித்தாலும் எண்ணெயில் கொதித்தாலும் கொதிப்பது தண்ணீர்.

குன்னூருக்கு மேலே போனால் நிலைமை வேறு. அங்கே பல் பட்டை கிடையாது, சாய்வு குறைவு. டீசல் என்ஜின் இழுக்கிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று எல்லாம் ஜனங்கள் இருக்கும் ஊர்கள். கேத்தி ஸ்டேஷனைச் சினிமா பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி அங்கே எடுத்தது. இன்றைக்கும் இறங்கிப் போட்டோ பிடிக்கிறார்கள். அதே பாதையில் ஊட்டிக்குச் சற்று முன்னால் ஃபெர்ன்ஹில் என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1908 செப்டம்பரில் பாதை முதலில் அது வரைக்கும்தான் வந்து, அடுத்த மாதம்தான் ஊட்டியைத் தொட்டது. அந்தக் கொஞ்ச நாள் அதுதான் கடைசி ஸ்டேஷன். அதையும் மூடிவிட்டார்கள். டீசலுக்குத் தண்ணீர் வேண்டாம், ஜனங்களும் ஏறுவதில்லை. வண்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது. மூடிய ஸ்டேஷன் என்றால் நான் ஃபெர்ன்ஹில்லைத்தான் சொல்லுவேன். அடர்லியைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு எங்கள் பாதையைப் பார்க்க வெள்ளைக்காரர்களும் கேமராக்காரர்களும் நிறைய வருகிறார்கள். சந்தோஷம்தான். இப்போது வருகிறவர்களில் சிலருக்கு அடர்லிச் சுவரைப் பார்த்தால் மனம் தாங்கவில்லை. பழையபடி கட்டி மியூசியம் வைக்கலாம், டீக்கடை வைக்கலாம், ராத்திரி தங்க அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி தங்கும் அறை என்ற யோசனை வந்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி அங்கே தங்குகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்; நான்கு கால், பெரிய காது. விளக்குப் போட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. டீக்கடை வைத்தால் குரங்கு வரும், பிளாஸ்டிக் வரும், காகிதக் கப் ஓடைத் தொட்டியின் வலையில் போய் அடைக்கும். ஹில்குரோவில் வடை, டீ கிடைக்கிறது; அங்கே குரங்கு படுத்துகிற பாட்டைப் பார்த்துவிட்டு அடர்லிக்கும் அதைக் கேட்கலாமா என்று யோசிக்கட்டும்.

கட்டடத்துக்குக் கூரை போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு அறைக்குப் போட்டால் போதும். மழையில் நனைந்த கேங் ஆட்கள் துணி மாற்றவும், அடுப்பு மூட்டவும், பட்டாசும் கொடியும் நனையாமல் வைக்கவும் ஓரிடம் வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறவர்களுக்குப் பாரம்பரியம் ஒழுகத்தான் செய்யும்.

போன மாதம் இப்போதைய கீமேன் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். சின்னப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன், செல்போனில் எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறான். ஓடைத் தொட்டிக்குப் போகிற வழி முள் மூடிவிட்டது, குழாய் எந்தப் பாறைக்கு அடியில் போகிறது என்று தெரியவில்லை என்றான்.

"இதுக்கெல்லாம் எங்கயாச்சும் படம் வரைஞ்சு வெச்சிருக்காங்களாங்ணா?"

என் கண்ணில் அப்படி ஒரு படம் பட்டதில்லை. அண்ணன் எனக்கு நடந்து காட்டினார், நான் எனக்கு அப்புறம் வந்தவனுக்கு நடந்து காட்டினேன், அவன் வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். ஓடை இரண்டாகப் பிரிகிற இடம், இடது கிளையில் பலாமரம், அதற்குக் கீழே தொட்டி, குழாய் பாறையைச் சுற்றுகிற பக்கம், யானைக்கு விட்ட மூட்டு. அந்த மூட்டை ஏன் தளர்வாக வைத்திருக்கிறோம் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். இல்லாவிட்டால் யாராவது நல்ல மனுஷன் அடைத்துவிடுவான்.

போன மழையில் தொட்டிக்குள் சேர்ந்த மணல் அப்படியே இருக்கிறதாம். ஐப்பசி பிறப்பதற்குள் தோண்டி வெளியே போட நான்கு ஆள் வேண்டும், ஒரு நாள் வேலை. அதை மேட்டிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். கூரையை அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம்.